கரடி நிச்சயம்

பாஃபின் தீவு
1987 செப்டம்பர் 13

தம்பி கில்லாக்குக்கு அக்கா ஊலாயு எழுதுவது.

நீ போய் நாலு மாதம் ஆகிறது. பதினொரு நாய்களையும் பூட்டி, பெண்டாட்டியையும் மூட்டை முடிச்சையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு என் வாசலைத் தாண்டித்தான் போயிருக்கிறாய். உள்ளே நான் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்துப் "போறேன்" என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. மாமியார் முகாமில் சீல் கொழுப்பு அவ்வளவு ருசியா? ரேடியோவில் கூப்பிட்டே கேட்டிருப்பேன். ஆனால் அதில் நான் இருமினால் இந்தக் கரை முழுக்க மருந்து சொல்லும். அதனால் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஏப்ரலில் உன்னோடு கரடி வேட்டைக்கு வந்தாரே லெடரர், அந்த ஆஸ்திரியாக்காரர், மறுபடி பதிவு கேட்டு எழுதியிருக்கிறார். இந்தத் தடவை கூட இரண்டு சிநேகிதர்கள். நம் வேட்டைக்காரர் சங்கம் விருந்தாளிகளுக்கென்று ஒதுக்கியிருக்கும் கரடிச் சீட்டே மூன்றுதான், சீட்டுக்கு ஒரு கரடி சுடலாம். மூன்றையும் ஒரே கடிதத்தில் நிரப்பியவள் உன் அக்கா. மிஷன் பள்ளியில் அஞ்சு வகுப்புதான் படித்தேன். பத்து வகுப்புப் படித்த பையன்கள் சங்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். தெற்கத்திக்காரர்களுக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, நடப்பதைச் சொல்கிறேன்.

சட்டம் உனக்குத் தெரியும். விருந்தாளி நாய்வண்டியில் போய்த்தான் கரடியைச் சுட வேண்டும். பனியில் ஓடும் மோட்டார் வண்டி பக்கத்தில் வரக் கூடாது. இந்த ஊரில் நாய்க் கூட்டம் என்று சொல்லத்தக்கது உன்னுடையது ஒன்றுதான். மார்ச் முடிவதற்குள் வந்து சேர். உனக்குக் கரிபு மான் தோலில் புதுச் சட்டை தைத்து வைக்கிறேன்.

வருகிறேன் என்று ஒரு வரி போடு. பொய்க் காரணம் எழுதாதே, எனக்குத் தெரிந்துவிடும்.

உன்னை முதுகில் சுமந்து வளர்த்த
ஊலாயு

*

மெல்வில் கரை முகாம்
1987 அக்டோபர் 18

அக்காவுக்கு,

சொல்லாமல் வந்தது என் தப்புதான். அன்றைக்குக் காற்று நன்றாக இருந்தது, நாய்களும் நிற்க மாட்டேன் என்றன. இது பொய்க் காரணம் என்று உனக்குத் தெரிந்துவிடும். இருந்தாலும் எழுதிவிட்டேன்.

இங்கே எல்லோரும் சுகம். முன்னே ஓடும் நாய்க்குக் காலில் வெட்டு, இன்னும் ஆறவில்லை. ஒரு பெட்டை குட்டி போட்டிருக்கிறது, ஆறு. மாமியாருக்குக் கண் மங்கிவிட்டது, வாய் மங்கவில்லை. நான் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு அரை ஆள் வேட்டை ஆடுகிறேனாம். நௌயா தன் அம்மா சொல்வதற்கெல்லாம் சிரித்துக்கொண்டு எனக்கே இன்னொரு துண்டு போடுகிறாள்.

லெடரர் நல்ல மனிதர். பத்து நாளில் ஒரு நாளும் குளிர் என்று சொன்னதில்லை. உறைந்த மீனைக் கடித்துப் பல் உடைந்தபோது, உடைந்த பல்லை எனக்குக் காட்டிச் சிரித்தார். அப்படிப்பட்டவரை மறுபடி நான் அழைத்துப் போக முடியாது, அக்கா. வேறு யாரையாவது பார்.

சட்டை தைக்க வேண்டாம். பழையது இன்னும் ஒரு வருஷம் வரும்.

கில்லாக்

*

பாஃபின் தீவு
1987 நவம்பர் 15

கில்லாக்குக்கு,

நல்ல மனிதர், அதனால் முடியாது. இது என்ன பேச்சு? கெட்டவனாகப் பார்த்துப் பதிவு செய்தால் வருவாயா?

நீ என்ன எழுதினாலும் நான் சரி என்று அவருக்குப் பதில் போட்டாயிற்று. மூன்று பேரும் காகிதத்தின் மேல் நின்று, பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு அனுப்பியிருக்கிறார்கள், காலணி தைக்க. அதில் ஒருவர் பாதம் வண்டிச் சட்டம் மாதிரி இருக்கிறது. சங்கத்தில் அதைக் கைக்குக் கை மாற்றிப் பார்த்துச் சிரித்தார்கள். மூன்று ஜோடியில் ஒன்று முடித்துவிட்டேன்.

லெடரர் எழுதியிருப்பதைக் கேள். கரடித் தோல் அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறதாம். ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரிசையாக வந்து பார்க்கிறார்களாம். கரடி ஓடவில்லை, தன்னை நேருக்கு நேர் சந்திக்க வந்தது என்று அவர்களுக்குச் சொல்கிறாராம். வயசான மனுஷர், அவ்வளவு சந்தோஷம். அதை நான் இரண்டு தடவை படித்தேன். நானும் சும்மா இருக்கவில்லை. போன தடவை எழுதினது போலவே, "இம்முறையும் கரடி நிச்சயம்" என்று எழுதினேன்.

என் மகன் உட்டாக் மோட்டார் வண்டியை விற்கப் போகிறானாம். நல்லா ஓடுகிற வண்டி. இப்போதெல்லாம் அவன் வாயைத் திறப்பதே சாப்பிட மட்டும்தான். நீயாவது இருந்தால் பேச்சுக் கொடுப்பாய்.

அடம் பிடித்தது போதும். வா.

ஊலாயு

*

மெல்வில் கரை முகாம்
1987 டிசம்பர் 13

அக்காவுக்கு,

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். மறுபடியும் 'கரடி நிச்சயம்' என்று எழுதினேன் என்றாயே, அதற்குப் பிறகு முடியவில்லை.

போன ஏப்ரலில் ஒன்பது நாள் ஒன்றும் அகப்படவில்லை. தினமும் சாயங்காலம் ரேடியோவில் அதைச் சொல்வேன், எங்கே கூடாரம் போட்டிருக்கிறோம் என்பதையும் சொல்வேன். பிறகு மின்கலம் தீர்ந்துவிடாமல் அணைத்துவிடுவேன். பத்தாம் நாள் காலை நாய்களைப் பூட்டிக்கொண்டு அரை மணி போயிருப்போம். வடக்கே ஒரு கரடி. ஆண், நல்ல கொழுப்பு. அது ஓடவில்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, பனியைக் கவ்விக் கவ்வித் தின்றது. பிறகு உட்கார்ந்துவிட்டது. நாய்கள் சுற்றி நின்று குரைக்கின்றன, அது நாய்களைப் பார்க்கவில்லை, அக்கா. கழுத்தைத் திருப்பி வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் லெடரர் சுட்டார். சுட்டுவிட்டு என் தோளில் முகத்தை வைத்து அழுதார்.

அவர் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தபோது நான் பனிமேட்டுக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். கரடி வெகு தூரம் ஓடி வந்த தடம். அதற்கு இரண்டு பக்கமும் மாறி மாறி மோட்டார் வண்டித் தடம், கரிபு மானை மடக்கி ஓட்டுகிற மாதிரி. அதில் வண்டிக்கு அடியிலுள்ள ஒரு சறுக்குக்கட்டை இரட்டைக் கோடு போட்டிருந்தது. அந்தக் கட்டைக்குத் தகடு அடித்துக் கொடுத்தவன் நான்தான். அது உட்டாக்கின் வண்டி.

திரும்பி வந்து தேநீர் வைத்தேன். லெடரரிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்கு வந்ததும் 'நாய்வண்டியில் மட்டுமே வேட்டை நடந்தது' என்று அச்சடித்த தாளை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் எரிகிறது.

உட்டாக்கை நான் எப்படிக் கேட்பது? என்னைவிட எட்டு வயது சின்னவன்தான். ஆனால் நம் அப்பா போன மறு வாரம் பிறந்து, அப்பா பெயரை வாங்கிக்கொண்டவன். பிறந்த நாளிலிருந்து அவனை நீயும் நானும் 'அப்பா' என்றுதான் கூப்பிடுகிறோம். அவனும் உன்னை 'மகளே' என்கிறான், என்னை 'மகனே' என்கிறான். அப்பாவை நிற்க வைத்து யார் அதட்டுவது? முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை, அதட்டவும் முடியவில்லை. அதனால்தான் கிளம்பிவிட்டேன். உன்மேல் கோபம் இல்லை.

கில்லாக்

*

பாஃபின் தீவு
1988 ஜனவரி 10

கில்லாக்குக்கு,

உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

கொழுத்த கரடி ஏப்ரல் வெயிலில் மூச்சு வாங்காமல் பாட்டா பாடும்? வந்த வழியைப் பார்த்ததாம். கரடிக்குக் கழுத்து இருக்கிறது, எங்கே வேண்டுமானாலும் பார்க்கும். அது யாரிடம் வர நினைக்கிறதோ அவரிடம் வரும், அதைக் கேள்வி கேட்க நீ யார்? மோட்டார் தடம் இந்தக் கடலில் எங்கேதான் இல்லை. சீல் பிடிக்கப் போகிறவன் எல்லாம் மோட்டாரில்தான் போகிறான்.

கரடி இறைச்சி வந்த அன்று ஊரே கூடிச் சாப்பிட்டது. "நல்ல கரடி, ஊலாயு" என்று ஒவ்வொருவரும் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருத்தராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? ஊருக்குத் தெரியாத குற்றத்தை முகாமில் உட்கார்ந்து நீ கண்டுபிடிக்கிறாயாக்கும்.

நீ வராவிட்டால் போ. இங்கே கூக்கியிடம் ஐந்து நாய் இருக்கிறது. இரண்டு கிழம், ஒன்று நொண்டி. அதை வைத்து நான் மூன்று பேரையும் கரடியிடம் கொண்டுபோய் நிறுத்துகிறேன், பார்.

ஊலாயு

உட்டாக்கை மட்டும் ஒன்றும் நினைக்காதே. அவனாக நினைத்துச் செய்ததில்லை.

மேலே உள்ள வரியை அடித்துவிடப் பார்த்தேன். காகிதம் கிழிகிறது. இருக்கட்டும்.

*

மெல்வில் கரை முகாம்
1988 பிப்ரவரி 14

அக்காவுக்கு,

போன வாரம் உட்டாக் இங்கே வந்தான். நாலு நாள் தனியாக மோட்டார் ஓட்டிக்கொண்டு, கன்னத்தில் தோல் கறுத்துப்போய் வந்தான். மாமியார் அவன் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுல பொம்பளைங்களே இல்லையா, உன்னை இப்படி அனுப்பி வச்சிருக்காங்க?" என்றாள். அவன் சிரிக்கவில்லை.

சாப்பிட்டு முடித்தான். பிறகு தன் காலணியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அந்தக் கரடிய ஓட்டிட்டு வந்தது நான்தான், மகனே. எனக்குத் தோணிச்சு, செஞ்சேன். வேற யாருக்கும் இதுல சம்பந்தமில்ல."

நான், "படுத்துக்கோ அப்பா, களைச்சுப் போயிருக்கே" என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. மறுநாளே திரும்பிவிட்டான். எட்டு நாள் குளிரில் அலைந்தது அந்த ஒரு பேச்சுக்காக.

ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒன்பதாம் நாள் கூடாரத்தில் லெடரர் மார்புப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். எனக்கு அந்த மொழி தெரியாது, உன் கையெழுத்து தெரியும். ஒரு வரியின் மேல் விரலை வைத்து, கரடி மாதிரி உறுமிக் காட்டி, தலையை ஆட்டினார். கரடி நிச்சயம். என்னைத் தேற்றுவதற்காக அதைச் செய்தார், அக்கா. நான்தான் சோர்ந்து போயிருந்தேன்.

வராத கரடியை வரும் என்று வாயால் சொல்லக் கூடாது, அதற்குக் காது உண்டு. அம்மா இதை நம் இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தாள்.

கில்லாக்

*

பாஃபின் தீவு
1988 மார்ச் 13

தம்பிக்கு,

நான்தான் அனுப்பினேன்.

இந்த வரியை எழுதி வைத்துவிட்டு இரண்டு நாள் இந்தப் பக்கமே வரவில்லை. இப்போது மிச்சத்தை எழுதுகிறேன்.

ஒன்பதாம் நாள் ரேடியோவில் நீ "ஒண்ணும் இல்ல" என்றபோது உன் குரலே சரியில்லை. அந்த மனுஷர் வெறுங்கையோடு போனால் சீட்டும் செத்துவிடும், ஊரில் வேறு யாரும் அதைத் தொட முடியாது. ஊலாயு எழுதிய கடிதத்தை நம்பி வந்தார் என்பார்கள். தெற்கத்தி மொழியில் பெரிதாக எழுதத் தெரியும், அவ்வளவுதான் என்பார்கள். சீட்டுக்காகச் செய்தேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். சீட்டுக்காக இல்லை.

அன்று ராத்திரியே உட்டாக்கிடம் சொன்னேன், எங்கேயாவது ஒரு கரடியைப் பார்த்து கில்லாக் பக்கம் திருப்பிவிடு என்று. அவன் காலணியை மாட்டவில்லை. "மகளே, இது வேண்டாம்" என்றான். அதற்கு நான் சொன்னதை உன்னிடம்கூட எழுதக் கூசுகிறது.

"நான் உனக்கு மக இல்ல. உன்னைப் பெத்த அம்மா. சொன்னதைச் செய்."

முப்பத்திரண்டு வருஷமாக அவனிடம் நான் சொல்லாத வார்த்தை. அப்பாவின் பெயரை அவன் மேலிருந்து நானே பிடுங்கிப் போட்டுவிட்டு, வேலைக்காரனை ஏவுவது போல ஏவினேன். அவன் காலணியை மாட்டிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு நான் கரடியைப் பற்றித்தான் கவலைப்பட்டேன்.

போன வாரம் சங்கக் கூட்டம். எழுந்து நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், அந்த வார்த்தை உட்பட. கூச்சல் போடுவார்கள், துப்புவார்கள் என்று நினைத்திருந்தேன். பெரியவர் நட்டாக் கெட்டிலை எடுத்து என் கோப்பையில் ஊற்றிவிட்டு, "அந்தச் சாமான் விஷயம்தானே? உட்காரு ஊலாயு" என்றார்.

உனக்கு இது தெரியாது, உன் ரேடியோ அணைந்திருந்தது. பத்தாம் நாள் காலை உட்டாக் பனியிலிருந்து ரேடியோவில் கூப்பிட்டான். "அம்மா, நீ கேட்ட சாமான் மூணாவது மேட்டைத் தாண்டிருச்சு" என்றான். சாமான் என்றால் யாருக்குப் புரியும் என்று நான் நிம்மதியாக இருந்தேன். கூக்கியின் பெண்டாட்டி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சாமானை விடு, அக்கா. உன்னை 'மகளே'ன்னு கூப்பிடற ஆளு அன்னிக்கு 'அம்மா'ன்னு கூப்பிட்டான். அப்பவே எங்களுக்குப் புரிஞ்சு போச்சு."

எல்லோருக்கும் தெரியும், தம்பி. வந்து சாப்பிட்ட ஒவ்வொருவருக்கும் தெரியும். இறைச்சியை மறுத்தால் என் முகம் வாடும் என்று சாப்பிட்டிருக்கிறார்கள். நல்ல கரடி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு வருஷமாக நான் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன், ஊர் எனக்காகத் தலையைக் குனிந்துகொண்டு நடந்திருக்கிறது. ஒருத்தராவது திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு கூசாது.

பிறகு நட்டாக், ஊருக்கான சீட்டில் ஒன்றை இந்த வருஷம் யாரும் எடுக்காமல் விட்டுவிடலாம் என்றார். முறையில்லாமல் ஒன்றை எடுத்துவிட்டோம், ஒன்றை விட்டுவிடுவோம் என்றார். எல்லாக் கையும் உயர்ந்தது. ஊர்ச் சீட்டுக் குலுக்கலில் யார் வீட்டுக்கு வர வேண்டிய கரடியோ, என்னால் இல்லாமல் போயிற்று. அப்போதும் யாரும் என்னைப் பார்க்கவில்லை.

லெடரருக்கு எழுதிவிட்டேன். பதிவு இல்லை, நாய் இல்லை, கரடி உங்களைச் சந்திக்க வரவில்லை, துரத்திக் கொண்டுவந்தோம் என்று. அந்த மொழியில் இவ்வளவு சின்னக் கடிதம் நான் எழுதியதில்லை.

ஊலாயு

*

மெல்வில் கரை முகாம்
1988 ஏப்ரல் 17

அக்காவுக்கு,

படித்தேன். நௌயாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

நானும் அரசாங்க வனவிலங்கு அலுவலகத்துக்கு எழுதினேன், என் கையெழுத்து பொய் என்று. இங்கே உள்ள வாத்தியார் எழுதிக் கொடுத்தார், எழுதும்போது இரண்டு தடவை நிமிர்ந்து, "நிச்சயமா?" என்று கேட்டார். என் வேட்டை வழிகாட்டி உரிமத்தை வாங்கிக்கொண்டார்கள். திரும்பத் தருவார்களா தெரியாது. மாமியார், "அரை ஆள் கால் ஆள் ஆயிட்டான்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்குத் தன் பங்கையும் எனக்கே வைத்தாள்.

நீ எழுந்து நின்றதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நான் காகிதத்தில் சொன்னேன். நீ முகத்துக்கு முகம் சொல்லியிருக்கிறாய்.

லெடரர் பதில் போட்டாரா? உட்டாக் எப்படி இருக்கிறான்? உன்னை என்னவென்று கூப்பிடுகிறான்?

கில்லாக்

*

பாஃபின் தீவு
1988 மே 29

தம்பிக்கு,

லெடரரின் பதில் புதன்கிழமை விமானத்தில் வந்தது. கடிதமாக இல்லை, பெட்டியாக. ஓர் ஆள் நீளம். மேலே என் பெயர், இவ்வளவு பெரிய எழுத்தில். விமானத் திடலில் இருந்த பையன் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தான், சுற்றி இருந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள்.

சின்ன வண்டியில் வைத்து நானே இழுத்து வந்தேன். நட்ட நடுப் பகல். சங்கத்தைத் தாண்டி, கடையைத் தாண்டி, கூக்கி வீட்டைத் தாண்டி வந்தேன். எல்லோரும் வாசலில் இருந்தார்கள். என்ன பெட்டி என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. முன்பானால் என்மேல் உள்ள மரியாதை என்று நினைத்திருப்பேன்.

உள்ளே தோல். தலையோடு, நகத்தோடு. அழகாக மடித்து, மெல்லிய காகிதம் சுற்றியிருந்தார். ஒரு சீட்டில் ஒரே வரி: "இது என்னுடையது இல்லை." கீழே கையெழுத்து. திட்டவில்லை. பிள்ளைகளிடம் இப்போது என்ன சொல்வாரோ தெரியவில்லை. அவர் வெட்கப்பட ஒரு காரணமும் இல்லாதவர், அவரையும் வெட்கப்பட வைத்துவிட்டேன்.

உட்டாக் என்னை 'அம்மா' என்றுதான் கூப்பிடுகிறான். கோபமாக இல்லை, மரியாதையாகத்தான். அடுப்புக்கு எண்ணெய் நிரப்புகிறான், குடிதண்ணீருக்குப் பனிக்கட்டி கொண்டுவருகிறான். நான் அவனை 'அப்பா' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஒரு நொடி தாமதம் ஆகிறது. நான் விடாமல் கூப்பிடுகிறேன்.

தோல் வீட்டின் நடுவில் கிடக்கிறது. மடிப்பை நான் பிரிக்கவில்லை. மிதிக்க மனசில்லாமல் சுவரோரமாகச் சுற்றி அடுப்புக்குப் போகிறேன். வெளியே கொண்டுபோய் உதறி, காற்றில் போட வேண்டும். ஆளுக்கொரு பக்கம் பிடித்தால்தான் உதற முடியும். பிடிக்கவா என்று உட்டாக் கேட்டான், கூக்கியும் கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உன்னை வரச் சொல்லி எழுதவில்லை. கடல் பனி இன்னும் மூன்று வாரம் நாய்வண்டியைத் தாங்கும் என்கிறார்கள்.

ஊலாயு